சென்னீர்குப்பத்துப் பிக்குணி

பஸ் குமணன்சாவடிக்குள் நுழையும் முன்பே டயர் எரியும் நாற்றம் வந்துவிட்டது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். முன்கண்ணாடி வழியே பார்த்தால் சாலை முழுக்கத் தலைகள். கறுப்புக் கொடி, கறுப்புப் புகை. நடுவில் ஒரு வைக்கோல் பொம்மையைக் கழியில் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நல்ல பகல். ஆடிக் காற்று புழுதியை வாரி ஜன்னலுக்குள் இறைத்தது.

என் பக்கத்தில் சுமேதா அம்மா உட்கார்ந்திருந்தார். மழித்த தலை. மஞ்சளும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் உடம்பைச் சுற்றிய துணி. இலங்கையில் பௌத்தத் துறவிகள் கட்டுகிற அதே துணி, அதே கட்டு.

அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளில் வேறு செய்தியே இல்லை. இலங்கையில் தமிழர்களை வெட்டுகிறார்கள், வீட்டோடு கொளுத்துகிறார்கள். டீக்கடைகளில் ஒருவர் சத்தமாகப் படிக்க, சுற்றி நிற்பவர்கள் ஆறிப்போன டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். படித்து முடித்ததும் யாராவது ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"கன்னியம்மா, ஏன் நின்னுட்டோம்?" என்றார் சுமேதா அம்மா.

"ஊர்வலம் போவுதும்மா."

எட்டிப் பார்த்தார். மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். முன் இருக்கையில் காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எம்மா, அந்தத் தலைய எதுனா போட்டு மூடிக்கச் சொல்லு. இவனுங்க கண்ணுல பட்டா பேஜாரா பூடும்."

என் பையில் கம்பெனியில் மாற்றிக் கட்டுகிற பழைய புடவை இருந்தது. அதை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன். எடுத்த வேகத்தில் சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கே எனக்கு உயிர் போய் வந்தது.

அவர் புடவையைத் தொட்டுப் பார்த்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"வேணாம். மூடிட்டு இருக்கும்போது இழுத்துப் பார்த்தாங்கன்னா இன்னும்தான் கோவம் வரும்."

பஸ்ஸின் பக்கவாட்டில் யாரோ கையால் ஓங்கி அறைந்தார்கள்.

ஏரிக்கரைக் கொட்டகை

சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதிய, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் போன கதையைப் படித்துவிட்டு, "அதில் ஓரிடத்தில் வருகிற அந்தப் புத்த சாமியாரம்மா யார்?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வரியில் தாண்டிப் போகிற ஆள் இல்லை அவர். அதனால் இந்த வாரம் அவர்தான்.

எங்கள் காலனி சென்னீர்குப்பத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. என் மாமனார் காலம்வரை ஊரார் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவர்கள் நாங்கள். பிறகு ஆண்கள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போனார்கள். பின்னாலேயே என்னைப் போல் சில பெண்களும்.

காலனியில் சில குடும்பங்கள் தாத்தா காலத்திலேயே பௌத்தம் தழுவியவை. அவர்கள் போட்ட சிமெண்ட் ஷீட் கொட்டகை ஒன்று கரையில் இருந்தது. உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்ட் புத்தர். வாசலுக்கு வெளியே, ஏரி வெட்டும்போது கிடைத்த தலையில்லாத கற்சிலை. அதுவும் புத்தர்தான் என்பது எங்கள் பெரியவர்களின் கட்சி. ஊரார் அதை முனீஸ்வரன் என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து சேவல் அறுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மறுநாள் யாராவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

சுமேதா அம்மா அந்தக் கொட்டகைக்கு வந்தது இந்தச் சம்பவத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னால். அவருடைய தாத்தா மாங்காட்டுப் பக்கத்திலிருந்து இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். அம்மா பிறந்தது நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில். இளம் வயதிலேயே அங்கே தலையை மழித்துக்கொண்டு பத்து சீலங்கள் என்கிற ஒழுக்க விதிகளை ஏற்றுத் துறவியானார். ஏன் என்று கேட்டிருக்கிறேன். "மலைக்கு மேல ஒரு மடம் இருந்துச்சு. அங்க யாரும் யாரையும் அதட்ட மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான் பதில்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது அவருடைய அண்ணன் குடும்பத்தோடு அவரும் வந்தார். கல்யாணமான தங்கை பார்வதி அங்கேயே தங்கிவிட்டாள். ஆவடியில் அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். மொட்டைத் தலையோடு ஒரு பெண் வாசலில் நிற்பது கெட்ட சகுனம் என்று அண்ணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எங்கள் கொட்டகையைப் பற்றி யாரோ சொல்ல, ஒரு துணி மூட்டையோடு நடந்தே வந்து சேர்ந்தார்.

முறைப்படி அவரைப் பிக்குணி என்று அழைக்கக் கூடாதாம். பத்து சீலம் எடுத்தவர் வேறு, முழுத் துறவு பெற்ற பிக்குணி வேறு. அதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் மொட்டையம்மா என்றோம். பிறகு பிக்குணியம்மா.

எங்கே இருக்கு?

எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரிடம் போனது பக்தியால் அல்ல, பயத்தால்.

முதலில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் பக்கத்து மெஷின் பெண்ணின் விரல்கள் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டதை நேரில் பார்த்தேன். அவள் கத்தவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்கம்மா திட்டுமே" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒன்று பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஏறினால் மூச்சு அடைக்கும். அடுப்பில் சோறு பொங்குகிற சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். பிரஸ் வேலையை விட்டுக் கம்பி சுற்றும் வேலைக்கு மாறிய பிறகும் அது விடவில்லை.

என் வீட்டுக்காரர் ஏழுமலை அம்பத்தூரில் லேத் ஓட்டும் டர்னர். பொறுமைசாலி. வேப்பிலை அடித்துப் பார்த்தார். பூந்தமல்லி மசூதியில் ஓதி ஊதச் சொல்லிப் பார்த்தார். தாயத்தின் மேல் தாயத்தாகக் கட்டி என் கழுத்தே கறுத்துப்போயிற்று. கடைசியில், "கொட்டாயில ஒரு அம்மா கீதே, அத்தயும் பாத்துட்டு வந்துடு" என்றார்.

சுமேதா அம்மா மந்திரம் எதுவும் சொல்லவில்லை.

"பயம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"எங்கன்னா? மனசுலதான்."

"ஒடம்புல எங்க?"

தொட்டுக் காட்டினேன். தொண்டைக்குழிக்குக் கீழே.

"எவ்வளவு பெருசு?"

இப்படி யாரும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, "எலந்தப் பழம் மாரி" என்றேன். "சரி. அது போற வரைக்கும் இங்க ஒக்காரு. கண்ண மூட வேணாம். பயந்தவங்க கண்ண மூடினா இன்னும்தான் பயம் வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பத்துப் பதினைந்து பெண்கள் அங்கே கூடத் தொடங்கினோம். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நாடித் துடிப்பைப் பார்ப்போம். யாருக்கு வேகமாக ஓடுகிறதோ அவள் என்ன பயம் என்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வருகிற புருஷன், பெயில் ஆகிவிடுமோ என்கிற பிள்ளை, வயிற்றில் வளர்கிற கட்டி, சூப்பர்வைசர். மற்றவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம். புத்தரின் பெயரைக்கூட எப்போதாவதுதான் சொல்வார்.

பயம் எனக்குப் போகவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏற முடிந்தது.

சாலையில்

அன்று நாங்கள் பஸ்ஸில் இருந்ததற்குக் காரணம் பார்வதி. அம்மா பிறந்த அதே தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் அம்பத்தூரில் இருந்தார். அவருக்கு ஏதாவது தகவல் வந்திருக்கும் என்று அம்மாவை நான்தான் அழைத்துப் போனேன். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பார்வதி இருந்த லயம் எரிந்துவிட்டது. லயம் என்றால் தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில்தான் குமணன்சாவடியில் பஸ் நின்றது.

இப்போது பஸ்ஸின் முன்படியில் நான்கைந்து பேர் ஏறினார்கள். முதலில் வந்தவரை எனக்குத் தெரியும். தணிகாசலம். குமணன்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். அன்று அவர் கண் சிவந்து, தொண்டை கட்டிப்போயிருந்தது.

"தங்கச்சி, நீ இன்னா இங்க? எறங்கி ஊட்டுக்குப் போ." பிறகுதான் பக்கத்தில் பார்த்தார். "இது யாரு?"

பின்னால் இருந்தவன் ஒருவன் கத்தினான். "துணியப் பாரு அண்ணாத்தே! அவனுங்க துணி! சிங்களத்தி!"

அந்த வார்த்தை படியிலிருந்து கீழே இறங்கி, சாலையில் பரவுவதை என் காதால் கேட்டேன். சிங்களத்தி, சிங்களத்தி என்று ஆள் மாற்றி ஆள் சொல்லி, கடைசியில் அது ஓர் இரைச்சலாகத் திரும்பி வந்தது. பஸ் ஆடத் தொடங்கியது. குழந்தைகள் அழுதன. கண்டக்டர், "அது நம்ம சென்னீர்குப்பத்து மொட்டையம்மாப்பா" என்றார். யார் காதிலும் விழவில்லை.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பெருவிரலின் அடியில் ஓடிய துடிப்பு என் கையில் தெரிந்தது. குதிரை ஓடுவதைப் போல ஓடியது. அதைத் தெரிந்துகொண்ட கணத்தில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று. இவரே பயப்படுகிறாரே!

"நான் எறங்கிடறேன். பஸ்ல கொழந்தைங்க இருக்கு" என்றார்.

எழுந்தார். நானும் எழுந்தேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். அவர் என் கையை விடவில்லை, அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் சுற்றி வளைத்துவிட்டார்கள். புகையில் கண் எரிந்தது. எத்தனை முகங்கள்! அதில் பாதி எங்கேயோ பார்த்த முகங்கள். பஸ்ஸில், ரேஷன் கடையில், சினிமாக் கொட்டகையில். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தணிகாசலம் கையை விரித்துக் கூட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தினார். "எந்த ஊரு நீ?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "நுவரெலியா பக்கம் தோட்டம். தமிழ்தாங்க. எங்க தாத்தா மாங்காட்டுலேருந்து போனவரு."

"தமிழ்ச்சின்னா அவனுங்க துணிய இன்னாத்துக்குக் கட்டிகினு கீற?"

நியாயமான கேள்வி என்று எனக்கே தோன்றியது. அம்மா யோசித்தார். அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில், உண்மையாகவே யோசித்தார்.

"கட்டும்போது இது யாரோடதுன்னு நான் கேக்கலீங்க" என்றார். "என் தங்கச்சி அங்கதான் இருக்கா. லயத்தக் கொளுத்திட்டாங்களாம். உசுரோட இருக்காளான்னு தெரியல. இப்பதான் கேட்டுட்டு வரேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் அமைதியானார்கள். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பின்வரிசைக்கு எதுவும் கேட்டிருக்காது. கல் அங்கிருந்துதான் வந்தது.

அம்மாவின் இடது காதுக்கு மேலே பட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். மழித்த தலையில் ரத்தம் ஒதுங்க இடமில்லாமல் வழிந்து கழுத்து, தோள், துணி என்று இறங்கியது.

ஷட்டருக்கு உள்ளே

"எவன்டா அது! தமிழ்ச்சிடா! நம்ம பொண்ணுடா!" என்று தணிகாசலம் கத்தியது நினைவிருக்கிறது. அம்மாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். நான் மறுபக்கம் பிடித்தேன். இழுத்துக்கொண்டு அவருடைய கடைக்குள் ஓடினோம். ஷட்டரை உள்ளிருந்து இறக்கினார்.

இருட்டு. ஷட்டரின் ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக வெயில். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் நாற்றம், பழைய டியூப்களின் நாற்றம். அவர் தன் சட்டையைக் கழற்றி அம்மாவின் தலையில் அழுத்தினார்.

வெளியே ஷட்டரைத் தட்டினார்கள். முதலில் கையால். பிறகு எதனாலோ.

"தணிகா! அவள வெளிய உடு!"

"உள்ள வெச்சிகினு இன்னா பண்றான்? கொளுத்துங்கடா கடைய!"

காலையிலிருந்து அவர் பின்னால் கோஷம் போட்டு வந்தவர்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். "டேய், நான்தான்டா சொல்றேன்!" பதிலுக்கு ஷட்டர் அதிர்ந்தது. அடியிலிருந்த இடுக்கு வழியே மண்ணெண்ணெய் நாற்றம் வந்தது. யாராவது ஊற்றினார்களா, பொம்மையைக் கொளுத்த வைத்திருந்த பந்தத்திலிருந்து வந்ததா, இன்றுவரை தெரியாது. அந்தக் கடையில் ரப்பரைத் தவிர வேறெதுவும் இல்லை. பற்றினால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"பயமா இருக்கு கன்னியம்மா" என்றார் அம்மா.

தணிகாசலம்தான் பதில் சொன்னார்.

"எனக்கும்தாம்மா கீது."

அவ்வளவு பெரிய உடம்பு, சட்டையில்லாமல், குழந்தையைப் போல் நடுங்கியது. அம்மா ரத்தம் பட்ட கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறுகை என் கையில். அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு விசில் சத்தம், ஓடுகிற கால்கள், லத்தி எதிலோ படுகிற சத்தம். போலீஸ் வேன் வந்திருந்தது. தணிகாசலம் வெகு நேரம் ஷட்டரைத் தூக்கவில்லை. தூக்கியபோது சாலையில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

அம்மாவின் இடது காது அன்றோடு கேட்காமல் போயிற்று.

அனுப்பிவிடலாம்

காலனி பயந்துவிட்டது. குடிசையில் நெருப்பு வைத்தால் எப்படிப் பற்றும், எதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதெல்லாம் எங்கள் பெரியவர்கள் கண்ணால் கண்டது. அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"அந்தம்மா மேல எனக்கு இன்னா கோவம்?" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்கு ஒருத்தன் பந்தத்தோட வந்தான்னா கொட்டாயோட நிக்குமா? பக்கத்துலயே நம்ம ஊடு. புள்ளைங்க தூங்குது. கொஞ்ச நாளைக்கி ஆவடில அண்ணன் ஊட்டுக்கு அனுப்பிடலாம்."

ஆண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். தவறென்று சொல்ல என்னால் முடியவில்லை. என் பிள்ளைகளும்தான் தூங்கினார்கள்.

ஞாயிறு மத்தியானக் கூட்டத்துப் பெண்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் ஒருத்தி தன் அரிசி புடைக்கும் வேலையைக் கொட்டகையில் போய் உட்கார்ந்து செய்தாள். அவள் எழுந்ததும் இன்னொருத்தி கைக்குழந்தையோடு போனாள். ஷிப்ட் முடிந்து நான் போனேன். இப்படி மாற்றி மாற்றிப் பெண்கள் உள்ளே இருக்கும்போது அனுப்புகிற பேச்சை எடுக்க ஆண்களுக்குக் கூச்சமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்துத் தணிகாசலம் வந்தார். வாசலில் நின்று, உள்ளே வராமல், கட்டுப் போட்ட தலையைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார்.

அந்த மாதங்களில் நாய் குரைத்தால்கூட எல்லோரும் வெளியே வந்து பார்ப்போம். யாரும் வரவில்லை. வராததை நம்புவதற்குத்தான் நாளாயிற்று.

பார்வதியின் குழந்தை

பார்வதி உயிரோடு இருந்தாள். மறு ஆண்டு, அகதியாகக் கப்பலில் வந்து, முகாமில் இருந்து, அண்ணன் மூலம் விசாரித்துச் சென்னீர்குப்பம் வந்து சேர்ந்தாள். புருஷன் இல்லை. கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை, மல்லிகா.

நான் அப்போது கொட்டகையில் இருந்தேன். வெளியே பேச்சுக்குரல் கேட்டு அம்மா எழுந்து, வாசலுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

குழந்தை அவரைப் பார்த்தது. வீறிட்டது. சாதாரண அழுகை இல்லை அது. மூச்சு உள்ளே போய், திரும்பி வராமல், உதடு நீலமாகி, பிறகு வருகிற அலறல். பார்வதியின் கழுத்தை நகத்தால் கீறிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. அதன் காலில் ஈரம் வழிந்தது.

அம்மா விரித்த கையோடு நின்றுவிட்டார்.

"அக்கா, கிட்ட வராதே" என்றாள் பார்வதி. அழுதுகொண்டே சொன்னாள். "லயத்துக்கு வந்த கூட்டத்துல இந்த மாதிரித் துணி கட்டின ஒருத்தரு நின்னாரு. புள்ள பாத்துடுச்சு. எங்கள ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினதும் சிங்களவங்கதான்க்கா. அவங்க வீட்டுப் பரண்லதான் கெடந்தோம். ஆனா புள்ளைக்கி அது தெரியல. இதுதான் தெரியுது."

சுமேதா அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். குமணன்சாவடியில்கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி. சுவர் முதுகில் இடித்ததும் நின்றார்.

"கன்னியம்மா, உன் பொடவ ஒண்ணு குடு" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்தேன். அதில் நீலக் கரை. அவர் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். பழக்கம் விட்டுப்போனதால் கொசுவம் சரியாக விழவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குழந்தையிலிருந்து தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அதைப் பார்க்கவே இல்லை. குழந்தை விக்கி விக்கி ஓய்ந்தது. சாயங்காலம் வரை யாரும் நகரவில்லை.

கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தோம். குழந்தைக்கு அந்தப் பயம் குறைய ஆண்டுகள் ஆயின. மஞ்சள் பூசிய வாசற்படியைக் கண்டாலும் விறைத்துவிடும். அம்மா அந்தத் துணியைத் திரும்ப எடுக்கவேயில்லை.

நகரத்து மடத்திலிருந்து அவ்வப்போது எங்கள் கொட்டகைக்கு வருகிற பிக்கு ஒருவர் இதைக் கேட்டு வருத்தப்பட்டார். "ஆடையை விட்டால் துறவும் விட்டதுபோலத்தானே, அம்மா? இனி உங்களை இல்லறத்துப் பெண்களோடுதான் வைக்க முடியும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "சரிங்க சாமி" என்று அம்மா எழுந்து, எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?" என்றார்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன. ஐயப்பன்தாங்கலிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும்கூடப் பெண்கள் வந்தார்கள். புதிதாக வருகிறவர்கள், "புத்த சாமியாரம்மா எங்கே?" என்று அவரிடமே கேட்பார்கள்.

பெங்களூர் சாலையில், எங்களுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில், நாட்டையே உலுக்கிய அந்தக் குண்டு வெடித்த கோடையில் மறுபடியும் பயம் வந்தது. இப்போது இலங்கையில் பிறந்தவர் என்றாலே சந்தேகம். அம்மாவையும் பார்வதியையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் முப்பது நாற்பது பெண்கள் பின்னாலேயே நடந்து போய், ஸ்டேஷனுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். கோஷம் இல்லை, பேச்சும் இல்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம். ஒரு போலீஸ்காரர் வந்து, "இன்னாம்மா வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார். "பயமா கீது சார், அதான் ஒக்காந்துனு கீறோம்" என்றேன். அவர் திரும்பி உள்ளே போனார். பொழுது சாய்வதற்குள் இருவரையும் அனுப்பிவிட்டார்கள்.

மழை நாள்

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் ஐப்பசியில், அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டோம். கடைசி நாட்களில் மூச்சு ஒவ்வொன்றும் இழுபறியாக இருந்தது.

"பயமா இருக்கா?" என்று வலது காதருகே குனிந்து கேட்டேன்.

"இருக்கு. நீ போயிடாதே."

நான் போகவில்லை. யாரும் போகவில்லை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தபோது உடலைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டிக் கிடத்தினோம். ஏரி நிரம்பிக் கரையோரம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தணிகாசலம் நகரத்து மடத்துக்குப் போய்ப் பிக்குவை அழைத்துவந்தார். முன்பு வந்தவர் இல்லை, இளையவர். அம்மாவை அறியாதவர். ஈரக் குடையை மடக்கிவிட்டு, அதே மஞ்சள் நிறத் துணியோடு உள்ளே வந்து நின்றார்.

நான் சட்டென்று மல்லிகாவைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. தூணை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"ஓதுவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும்" என்றார் பிக்கு. "இவர் இல்லறத்தவரா, துறவியா? இரண்டுக்கும் முறை வேறு."

அம்மா வெள்ளைப் புடவையில் கிடக்கிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வரிசையில் உட்கார்ந்தவர். மடத்துக் கணக்குப்படி அவர் துறவி இல்லை. அந்த மடத்துக்காரரிடம் நாங்கள் என்ன சொல்வது? பார்வதி என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

மல்லிகா தூணை விட்டு முன்னால் வந்தாள். அந்தத் துணிக்கு இரண்டடி தூரத்தில் நின்றாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு துடிப்பு.

"பிக்குணி, சாமி" என்றாள். "எங்க பெரியம்மா பிக்குணி. அந்த மொறையிலயே ஓதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். வெள்ளைப் புடவையைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு உடலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஓதத் தொடங்கினார்.